சென்னைக் கடலாமைப் பாதுகாப்பு: மக்கள் பணத்தில் நடக்கும் பணி

சென்னைக் கரையில் பங்குனி ஆமைகளைக் காக்கும் வேலை அரை நூற்றாண்டாக நடந்துவருகிறது. 1970களில் சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவரது நண்பர்களும் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைத் தேடினார்கள். பிறகு மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், 1980களில் வனத்துறையும் பொரிப்பகம் நடத்தின. வனத்துறை நிறுத்தியதும், 1988இல் மாணவர்கள் சிலர் அந்த வேலையைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இன்றும் சம்பளம் வாங்காத தொண்டர்களையும் பொதுமக்களின் நன்கொடையையும் நம்பி நடக்கிறது. 2002இல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன், மீனவக் குப்பத்து இளைஞர்களையே ஆமைக் காவலர்களாக்கியது.

செலவு பெரிதல்ல: மணலில் ஒரு வேலி, காவலுக்குக் கூலி, டார்ச், துணிப்பை. ஆமையின் தடத்தைக் கண்டதும் தொண்டர் மண்டியிட்டுக் குச்சியால் மெல்லக் குத்திப் பார்ப்பார். மணல் இளகிக் குச்சி சட்டென்று இறங்கும் இடம்தான் குழி. குடம்போல் அடி அகன்ற அந்தக் குழியில் நூறு முட்டைகளுக்கு மேலும் இருக்கும். அன்றிரவே அவற்றைப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைப்பார்கள். ஏறக்குறைய 45 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். அரசுக் கோப்பு நகரும்வரை முட்டை காத்திருக்காது என்பதால், அன்றைக்குக் கையில் இருக்கும் சிறு பணமே இங்கு உதவுகிறது.

இந்த இரவு நடைகள் பெரும்பாலும் தென்சென்னையோடு நின்றுவிடுகின்றன. காரணம் துறைமுகம். 1870களின் பிற்பகுதியில் அதன் சுவர்கள் எழத் தொடங்கியபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டது. மெரினா அகன்றது, ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கடல் கரையைத் தின்றது. குப்பங்கள் வீடுகளை இழந்தன. இன்று அங்கே கருங்கல் தடுப்புச் சுவரும் தூண்டில் வளைவுகளும் நிற்கின்றன. ஆமை ஏறி முட்டையிட மணல் குறைவு.

ஆனாலும் ஆமையின் உயிர் வடசென்னையோடும் பின்னிக்கிடக்கிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கிளம்பும் விசைப்படகுகளின் இழுவலையில் சிக்கும் ஆமை, மூச்சுவிட மேலே வர முடியாமல் சாகும். 2025 ஜனவரியில் சென்னையிலும் அதன் சுற்றுவட்டக் கரைகளிலும் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. வலையில் பொருத்தும் ஆமை விலக்கு சாதனம் அவற்றைத் தப்பவிடும், கொஞ்சம் மீனும் சேர்ந்து தப்பும். அந்த நஷ்டத்தைப் படகுக்காரர் தலையில் மட்டும் கட்டாமல், பொரிப்பகத்துக்குக் கொடுக்கும் நகரவாசிகளும் பகிர்ந்துகொள்வதே நியாயம்.

பொதுக் காரியத்துக்குப் பணம் திரட்டுவது கரையோர மீனவ ஊர்களுக்குப் புதிதல்ல. குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு ஊர்க் காரியம் நடத்துவது அவர்களின் நெடுநாள் வழக்கம். மாசிலிருந்து எண்ணூர் கழிமுகத்தைக் காக்கப் போராடும் நாளில் தொழிலுக்குப் போகாமல் இருப்பதும் ஒரு நன்கொடைதான். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, எர்ணாவூர்ப் பாறைகளுக்கிடையே எண்ணெயை வாளியில் அள்ளியவர்களில் தொண்டர்களும் இருந்தார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் புகுந்தபோது, கூழைக்கடாக்களின் இறகில் அது அப்பியது. மீனவர்கள் படகில் போய் அள்ளினார்கள். அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா ரூ.12,500-உம் 787 படகுகளுக்குத் தலா ரூ.10,000-உம் நிவாரணமாக அறிவித்தது. மாசு தங்கிய சேற்றையும் அலையாத்தியையும் மீட்கும் செலவு அந்தக் கணக்கில் வரவில்லை.