பெயரைச் சொல்ல முடியாவிட்டால்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

மே மாத விடுமுறைக்கு என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கம்ப்யூட்டர் துறையில் வேலை. என் பேத்திக்கு ஒன்பது வயது. வெயிலுக்கு அவளை வெளியே விடவில்லை. இரண்டு பேரும் கூடத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். திரையில் கட்டம் கட்டமாக ஒரு படம். ஒரு குட்டி மனிதன் கோட்டை அகழி ஓரமாக நடந்துகொண்டிருந்தான். அடுத்த நொடியே அகழியில் விழுந்து செத்தும் போனான். பேத்தி கைதட்டிச் சிரிக்கிறாள்.

"என்னப்பா இது, இவ்வளவு பழசா இருக்கு?" என்றேன்.

"1984-ல வந்த கேம் மாமா. பேரு கிங்ஸ் குவெஸ்ட். நீங்க வகுப்புல சொல்வீங்களே, அந்தக் கதையெல்லாம் இதுக்குள்ள இருக்கு. வந்து உட்காருங்க" என்றான்.

உட்கார்ந்தவன் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. முதலில் இதன் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த விளையாட்டை உருவாக்கியவர் ராபர்ட்டா வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. அவரும் கணவர் கென் வில்லியம்ஸும் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் சியரா ஆன்-லைன் என்று பெயர் பெற்றது. அந்தக் காலத்துக் கதை விளையாட்டுகள் வெறும் எழுத்தாகவே இருந்தன. 'நீ ஒரு குகை வாசலில் நிற்கிறாய்' என்கிற மாதிரி திரையில் வரும். நாம் பதில் தட்டச்சு செய்ய வேண்டும். 1980-ல் ராபர்ட்டா 'மிஸ்டரி ஹவுஸ்' என்ற விளையாட்டில் அந்த எழுத்தோடு படத்தையும் சேர்த்தார். கோட்டுப் படம்தான், அசையாது. ஆனாலும் அது பெரிய மாற்றம்.

அடுத்து ஐ.பி.எம். நிறுவனம் வீடுகளுக்காக 'பி.சி. ஜூனியர்' என்ற கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. அதன் வண்ணத்தையும் ஒலியையும் எடுத்துக்காட்ட ஒரு விளையாட்டு வேண்டும் என்று சியராவிடம் கேட்டது. அப்படி 1984-ல் வந்ததுதான் கிங்ஸ் குவெஸ்ட். இதில் கதாநாயகன் நாம் அழுத்தும் பக்கம் நடப்பான். மரத்துக்குப் பின்னால் போனால் மறைவான், முன்னால் வந்தால் தெரிவான். இன்றைய பிள்ளைகளுக்கு இது ஒன்றுமில்லை. அன்றைக்கு அதிசயம். அந்தக் கம்ப்யூட்டர் விலை போகாமல் 1985-லேயே நிறுத்தப்பட்டது. விளையாட்டோ வேறு கம்ப்யூட்டர்களுக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டது.

கதை இதுதான். டாவென்ட்ரி என்று ஒரு நாடு. பிள்ளை இல்லாத வயதான ராஜா எட்வர்ட். அவரிடம் மூன்று மந்திரப் பொருள்கள் இருந்தன: வருங்காலத்தைக் காட்டும் கண்ணாடி, வைத்திருப்பவரைக் காக்கும் கேடயம், பொன் குறையாத பெட்டி. மூன்றும் ஏமாற்றுக்காரர்களிடம் போய்விட்டன. அவற்றை மீட்டு வந்தால் அரசு உனக்கே என்று கிரஹாம் என்ற வீரனிடம் ராஜா சொல்கிறார். அந்த கிரஹாம்தான் நாம்.

வழியெல்லாம் பழைய ஐரோப்பியக் கதைகள் காத்திருக்கின்றன. ஹான்சல், கிரெட்டல் கதையில் வரும் தின்பண்ட வீடும் சூனியக்காரியும் இங்கே உண்டு. அவளைத் தள்ளிவிட வேண்டும். நார்வே கதையில் வரும் பாலத்துப் பூதமும், அதை முட்டித் தள்ளும் ஆடும் உண்டு. ஜாக் ஏறிய அவரைக்கொடியும் மேலே ராட்சதனும் உண்டு. இவற்றையெல்லாம் ராபர்ட்டா ஒரே நாட்டுக்குள் அடுத்தடுத்த ஊர் மாதிரி வைத்துவிட்டார்.

ஆனால் அவர் கதாபாத்திரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. கதை சொல்லும் வழக்கங்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். நான் பார்த்தவரை சொல்கிறேன்.

முதலாவது, மூன்று. மூன்று பொருள், மூன்று தேடல். பெயரைச் சொல்ல மூன்று வாய்ப்பு.

இரண்டாவது, முதலில் கொடு, பிறகு பெறுவாய். விளாதிமிர் பிராப் என்ற ரஷ்ய அறிஞர் 1928-ல் ஒரு நூல் எழுதினார். ரஷ்ய மாயக் கதைகளை அலசி, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் 31 செயல்களை வரிசைப்படுத்தினார். கதாநாயகனைச் சோதித்துப் பார்த்து, தேறினால் மந்திரப் பொருள் தருகிறவருக்கு அதில் தனி இடம் உண்டு. 'கொடையாளர்' என்று சொல்லலாம். விளையாட்டிலும் பட்டினி கிடக்கும் விறகுவெட்டியின் குடிசைக்கு கிரஹாம் போகிறான். உணவு நிரம்பும் கிண்ணத்தைக் கொடுத்தால், அவர் தன் பிடிலைத் தருவார். பிறகு அந்தப் பிடில்தான் அவனைக் காப்பாற்றும்.

மூன்றாவது, கொல்லாமல் முடிப்பது மேல். டிராகனைக் கத்தியால் குத்தியும் கொல்லலாம், வாளித் தண்ணீரை ஊற்றி நெருப்பை அணைத்தும் விரட்டலாம். ராட்சதனைக் கவணால் அடித்தும் கொல்லலாம், அவன் தூங்கும்வரை ஒளிந்தும் இருக்கலாம். எப்படிச் செய்தாலும் கதை நகரும். ஆனால் கொல்லாத வழிக்கு மதிப்பெண் அதிகம். ஆமாம், இந்த விளையாட்டில் மார்க் உண்டு! மொத்தம் 158. வாத்தியாருக்குப் பிடிக்காமல் இருக்குமா?

இப்போது நான்காவது வழக்கத்துக்கு வருகிறேன். நான் எழுந்திருக்க முடியாமல் போனது இதனால்தான்.

பெயருக்குச் சக்தி உண்டு என்பது அந்த வழக்கம். 'ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின்' கதையை நான் உங்களில் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். மாவரைப்பவரின் மகள் வைக்கோலைப் பொன்னாக நூற்க வேண்டும். ஒரு குள்ளன் வந்து நூற்றுக் கொடுக்கிறான். பதிலுக்கு அவளுடைய முதல் குழந்தையைக் கேட்கிறான். மூன்று நாளுக்குள் தன் பெயரைச் சொல்லிவிட்டால் குழந்தையை விட்டுவிடுவதாகச் சொல்கிறான். அவன் காட்டில் நெருப்பைச் சுற்றி ஆடிக்கொண்டே தன் பெயரைப் பாட, அது ராணியின் காதுக்கு எட்டிவிடுகிறது.

விளையாட்டிலும் அந்தக் குள்ளன் இருக்கிறான். பெயரைச் சொன்னால் மந்திர அவரை விதை தருவான். பின்னோக்கி யோசிப்பது சில நேரம் நல்லது என்று சூனியக்காரி வீட்டில் ஒரு சீட்டு கிடைக்கும். அதைப் படித்துவிட்டு எல்லோரும் பெயரைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். தவறு! அகரவரிசையையே திருப்ப வேண்டுமாம். 'ஏ' வந்தால் 'இசட்', 'பி' வந்தால் 'ஒய்', அப்படியே எழுத்துக்கு எழுத்து மாற்ற வேண்டும். இப்படிப் புதிர் போட்டால் யாரால் விடுவிக்க முடியும்?

பேத்தி ஒரு பெயர் சொன்னாள், தப்பு. இன்னொன்று, அதுவும் தப்பு. மூன்றாவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பி, "தாத்தா, பேரைச் சொல்ல முடியலைன்னா என்ன ஆகும்?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே கேள்வியை இதே கதைக்கு ஒருத்தி கேட்டிருக்கிறாள். 1991, ஐந்தாம் வகுப்பு. கதை முடிந்ததும் அந்த மாணவி எழுந்து நின்றாள். "சார், அந்த ராணியால பேரைக் கண்டுபிடிக்க முடியலைன்னா?" என்று கேட்டாள். பாடம் முடிக்கிற அவசரம் எனக்கு. "கதைன்னா கண்டுபிடிப்பாங்க. உட்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள்.

சில ஆண்டுகள் கழித்து அவள் பத்தாம் வகுப்பில் இரண்டு பாடத்தில் தவறினாள். அவளுடைய அப்பா என்னைத் தேடி வந்து, "இனி என்ன சார் பண்றது?" என்றார். "பாஸ் ஆகலைன்னா என்னங்க பண்ண முடியும்" என்றுதான் என் வாயில் வந்தது. அவள் படிப்பு அத்தோடு நின்றது. இப்போது யோசித்தால், இரண்டு தடவையும் நான் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன். ஒரே வழி, அது அடைத்தால் அவ்வளவுதான்.

லேப்டாப்பில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். மூன்றாவது பெயரும் தப்பு. விதை கிடைக்கவில்லை. ஆனால் ஒரு சாவி கிடைத்தது! மலையடிவாரத்தில் ஒரு பூட்டிய கதவு இருக்கிறது. அந்தச் சாவியால் அதைத் திறந்து உள்ளே படியேறினால் ராட்சதனின் நாட்டுக்கே போய்ச் சேரலாம். அவரைக்கொடி ஏறி வருகிறவனும் அங்கேதான் வருவான். மார்க் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கதை நிற்காது.

கதை கேட்கிறவர் தவறு செய்ய முடியாது. விளையாடுகிறவர் செய்ய முடியும். அதனால் ராபர்ட்டா 'முடியாவிட்டால்?' என்ற கேள்வியை யோசித்தே ஆக வேண்டியிருந்தது. என் மாணவி கேட்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கேள்விக்கு ஒரு பதில் எழுதப்பட்டிருந்திருக்கிறது.

எல்லா இடத்திலும் இவர்கள் இப்படி இரக்கம் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1990-ல் வந்த ஐந்தாம் பாகத்தில் ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டு ஓடும். அந்த நேரத்திலேயே எதையாவது எறிந்து பூனையை விரட்ட வேண்டும். பின்னால் கிரஹாமைக் கட்டி நிலவறையில் போடும்போது, அந்த எலி வந்து கயிற்றைக் கடித்து அறுக்கும். அன்று எலியைக் காப்பாற்றாதவனுக்கு அங்கேயே முடிவு. அதே பாகத்தில் நாயிடமிருந்து காப்பாற்றிய எறும்புகள் வைக்கோல் போரில் ஊசி தேடித் தரும். சிற்றுயிருக்குச் செய்த உதவி திரும்பி வரும் என்பது பழைய கதை வழக்கம். கிரிம் சகோதரர்களின் 'ராணித்தேனீ' கதையிலும் எறும்பும் வாத்தும் தேனீயும் இப்படித்தான் உதவுகின்றன. ஆனால் அந்தக் கதையில் எறும்புப் புற்றைக் கலைக்கப் போகும் அண்ணன்மார்களைத் தம்பி தடுத்துவிடுகிறான். விளையாட்டில் தடுக்க ஆள் இல்லை. தவறு செய்தது தெரியாமலேயே வெகுதூரம் போய்விட்டு, பிறகு மாட்டிக்கொள்வோம். இதனால் அந்தக் காலத்தில் பலர் கடுப்பானார்கள் என்று மருமகன் சொன்னான். நியாயம்தான்.

'கதைன்னா அப்படித்தான்' என்று நான் சொன்னதும் தவறு என்று பிறகு தெரிந்துகொண்டேன். கிரிம் சகோதரர்களின் 1812-ஆம் ஆண்டு முதல் பதிப்பில், பெயரைக் காட்டில் கேட்டு வருகிறவர் ராஜா. குள்ளன் கோபத்தோடு ஓடிப்போவதோடு கதை முடிகிறது. பிந்தைய பதிப்புகளில் கேட்டு வருகிறவர் ஒரு தூதர். குள்ளன் காலைத் தரையில் ஓங்கி மிதித்து, தன்னைத் தானே இரண்டாகக் கிழித்துக்கொள்கிறான். சொன்னவர்களே மாற்றியிருக்கிறார்கள். ராபர்ட்டாவின் நிறுவனமும் 1990-ல் முதல் பாகத்தைப் புதுப்பித்தபோது புதிரை எளிதாக்கியது. பெயரை அப்படியே பின்னாலிருந்து எழுதினால் போதும் என்று வைத்தது. கேட்கிறவர் முகத்தைப் பார்த்துக் கதையை மாற்றுவதுதான் கதைசொல்லியின் வேலை. நான் அன்று அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த மாணவி பிறகு தையல் கற்றுக்கொண்டாள். இப்போது சொந்தக் கடை, நான்கு பேருக்கு வேலை கொடுக்கிறாள். கதவைத் தேடித் திறந்துகொண்டது அவள். சாவி நான் கொடுத்ததல்ல.

போன வாரம் கடைக்குப் போய் இந்தச் சாவிக் கதையைச் சொன்னேன். "அன்னைக்கு நீ கேட்டது நல்ல கேள்விம்மா, நான்தான் உட்கார வெச்சுட்டேன்" என்றேன். சிரித்தாள். "அப்படிக் கேட்டேனா சார்? ஞாபகமே இல்லையே. ஆனா கடைசியில அந்தக் குள்ளன் மாதிரி நீங்க காலை ஓங்கி மிதிச்சீங்க, மேஜையில இருந்த சாக்பீஸ் டப்பா கீழ விழுந்துச்சு. அது நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள். கையில் இருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, "சரி சார், இப்ப சொல்லுங்க. சாவி கிடைச்ச பிறகு அந்தக் குழந்தை என்ன பண்ணிச்சு?" என்று கேட்டாள்.

இந்தத் தடவை முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

உங்களில் யாரையாவது நான் இப்படி உட்கார வைத்திருந்தால் கீழே எழுதுங்கள். அன்று கேட்ட கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள். தெரிந்தால் பதில் சொல்கிறேன், தெரியாவிட்டால் சேர்ந்து தேடுவோம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்