விஷஜ்வரமும் பம்பாய் நகரத்து மரணக் கணக்கும்

கொள்ளைநோய் வந்தால் அரசனும் ஆண்டியும் ஒன்றே என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அச்சொல் எவ்வளவு தூரம் மெய்யென்று அறிய ஒரு பழைய கணக்கு உதவுகின்றது. நம் சங்கத்து அங்கத்தினரும் அவர்தம் குடும்பத்தாரும் அதனை அறிதல் நலமெனக் கருதி ஈண்டு வரையலானோம்.

1918-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், ஐரோப்பிய மகாயுத்தம் முடியாதிருந்த வேளையில், பம்பாய்த் துறைமுகத்திற் காவல் புரிந்த போலீஸ் சேவகர் சிலர் ஜ்வரங்கண்டு வைத்தியசாலை சேர்ந்தனர். இன்புளுவென்ஸா என்னும் விஷஜ்வரம் அந்நகரில் தலைகாட்டியது அப்பொழுதுதான். முதலில் வந்தது லேசாகக் கழிந்தது. செப்டம்பரில் மீண்டும் வந்ததோ மகா கொடியது. அக்டோபர் 6-ஆம் தேதி ஒரு நாளில் மட்டும் பம்பாயில் 768 பேர் மாண்டனர். தேசமுழுதும் மாண்டவர் ஒரு கோடிக்கு மேற்பட்டவர். 1911-ஆம் வருஷத்துக் குடிமதிப்பிற் கண்ட ஜனத்தொகை 1921-இல் வளராமற் குறைந்திருந்ததென்றால் வேறு சாட்சியும் வேண்டுமோ?

இனிக் கணக்கைப் பார்ப்போம். அந்நோயால் பம்பாயில் 1000 பேருக்கு மாண்டவர், ஐரோப்பியரில் 8.3; பார்ஸிகளில் 9; சாதி இந்துக்களில் 18.9, முகம்மதியரில் 19.2. தாழ்ந்த சாதியார் என்று அக்கணக்கர் எழுதிவைத்த மக்களிலோ 61.6! அதாவது ஐரோப்பியர் ஒருவர் மாண்ட இடத்தில் இவர்கள் ஏழு பேருக்கு மேல் மாண்டனர். நகரம் ஒன்றே, நோயும் ஒன்றே.

உடற்கூறு வேறு என்பாரும், முன்வினை என்பாரும் உளர். நாம் அதனை ஒப்போம். அக்காலத்தில் இந்நோய்க்கு மருந்து எவரிடத்தும் இல்லை; ஐரோப்பிய வைத்தியரும் கைவிரித்தனர். நோயாளியைப் பிழைக்கவைத்தது படுக்கை, நல்ல காற்று, வேளைக்குக் கஞ்சி, பக்கத்திலிருந்து பார்க்க ஓர் ஆள், இவையே. மாளிகையில் இவையெல்லாம் உண்டு. ‘சால்’ எனப்பட்ட தொழிலாளர் குடியிருப்பின் ஒற்றையறையில் ஒரு குடும்பம் முழுதும் கிடக்குமிடத்தில் ஒருவர் விழுந்தால் மற்றவரும் விழுவர்; கஞ்சி காய்ச்ச எவர் எழுவர்? வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியுமில்லை. அவ்வருஷம் பருவமழை பொய்த்துத் தானிய விலை ஏறியிருந்ததையும் சேர்த்து எண்ணுக. நகரத்துக் குப்பையை வாரிச் சுத்தஞ் செய்தவரும் பெரும்பாலும் இம்மக்களே என்பது ஒரு வேடிக்கை!

தேசத்தில் ஆண்களைவிடப் பெண்மக்களே அதிகம் மடிந்தனர். தாம் உண்ணாது பிறர்க்குச் சிசுருஷை செய்தவர் யாரென்று நம் வீடுகளில் சொல்லவேண்டுவதில்லை.

அந்நாளில் பம்பாயில் தரும சங்கங்களும் சாதிச் சங்கங்களும் முன்வந்து மருந்தும் பாலும் வழங்கின. தற்காலிக வைத்தியசாலைகளும் அமைத்தன. அது போற்றத்தக்கதே. ஆயினும் தம்மவரை முதலிற் பார்ப்பது சாதிச் சங்கத்தின் இயல்பு. நாமும் அதற்கு விலக்கல்லோம். பொருளுள்ள சமூகத்தின் சங்கத்தில் பாலுண்டு. பொருளற்றார் சங்கம் கூட்டினாலும் அதிற் பால் எங்கிருந்து வரும்?

நமது வைத்திய உதவி நிதி நம்மவர்க்கு மட்டுமே என்னும் விதி அவ்வாறே நிற்கவேண்டுமா என்பதை, இக்கணக்கை முன்வைத்து, அடுத்த மகாசபையில் ஆலோசிக்குமாறு அங்கத்தினரை வேண்டுகிறோம்.