ஆஷ்விட்ஸ் முகாமில் வழிகாட்டி

போலந்து நாட்டின் தென்பகுதியில், கிராக்கோ நகருக்கு மேற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில், ஓஷ்வியென்சிம் என்னும் சிறு நகரம் உள்ளது. 1939-ஆம் ஆண்டில் போலந்தைக் கைப்பற்றிய ஜெர்மானியர் அதனைத் தம் மொழியில் ஆஷ்விட்ஸ் என வழங்கினர். போலந்துப் படைவீரர் தங்குவதற்கென இருந்த செங்கற் கட்டடங்களை 1940-இல் அவர்கள் சிறைமுகாம் ஆக்கினர். அவ்வாண்டு ஜூன் 14-ஆம் நாள் டார்னூவ் நகரிலிருந்து 728 போலந்துக் கைதிகள் அங்கே கொண்டுவரப்பட்டனர். 1945 ஜனவரி 27 அன்று ரஷ்யப் படை உள்ளே நுழைந்தபோது உயிரோடு எஞ்சியிருந்தோர் ஏறக்குறைய 7,000 பேர். இடைப்பட்ட ஐந்தாண்டிற்கும் குறைந்த காலத்தில் 13 லட்சம் மக்கள் அவ்விடத்திற்குக் கொண்டுவரப்பட்டனர் என்றும், அவர்களுள் 11 லட்சம் பேர் மாண்டனர் என்றும் வரலாற்றாசிரியர் கணக்கிட்டுள்ளனர். மாண்டவருள் ஏறக்குறைய 10 லட்சம் பேர் யூதர். ஏனையோர் போலந்து மக்களும், ரோமா இனத்தாரும், ரஷ்யப் போர்க்கைதிகளும், பிற நாட்டினருமாவர்.

இன்று அம்முகாம் ஒரு நினைவுக் காட்சிசாலை. 2019-ஆம் ஆண்டில் மட்டும் 23 லட்சம் பேர் அதனைக் கண்டு சென்றனர். தொழிலின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் ஐரோப்பா செல்லும் நம்மவரும் அங்கே போய் வருகின்றனர். போக எண்ணுவோர் மனத்தில் எழும் முதல் கேள்வி, வழிகாட்டியுடன் செல்வதா, தனியே செல்வதா என்பது. இது பிரயாண வசதியைப் பற்றிய சிறு கேள்வி போலத் தோன்றும். ஆனால் அம்முகாமின் வரலாற்றையே தெரிந்துகொண்டாலன்றி இதற்கு விடை கூற இயலாது.

வழிகாட்டி என்றதும், ஆக்ராவிலும் குவாலியரிலும் கோட்டை வாயிலில் நம்மைச் சூழ்ந்துகொள்ளும் அன்பர்களே நம் நினைவுக்கு வருவர். இந்தச் சாளரத்தின் வழியே அரசி பார்த்தாள், அந்தச் சுரங்கம் டில்லி வரை போகிறது என்று அவர்கள் சொல்வதைப் பாதி நம்பியும் பாதி நம்பாமலும் கேட்டுக்கொண்டு நடப்போம். கதை சற்றே மிகையானாலும் கோட்டைக்குக் குறைவொன்றுமில்லை. ஆஷ்விட்ஸில் நிலைமை வேறு. அங்கே நடந்ததனை நடக்கவேயில்லை என்று சாதிக்க முற்படுவோர் உலகில் இருக்கின்றனர். மிகையாகச் சொன்ன ஒரு சொல்லும் அவர்களுக்கு ஆயுதமாகும். ஆகவே அங்கே வழிகாட்டியாக வருவோர் காட்சிசாலையாரிடம் பயிற்சி பெற்று, தேர்வில் தேறியவராக இருத்தல் வேண்டும். ஏறத்தாழ 20 மொழிகளில் அவர்கள் விளக்கம் தருகின்றனர்.

ஒருவர் துணையின்றி உள்ளே செல்வதாக வைத்துக்கொள்வோம். அவர் கண்ணில் முதலிற்படுவது, உழைப்பு விடுதலை தரும் என்று ஜெர்மன் மொழியில் எழுதிய இரும்பு வாயில். உலகெங்கும் புகைப்படங்களில் நாம் கண்டிருக்கும் வாயில் அது. மாண்டோர் அனைவரும் அதன் வழியே சென்றனர் என்றே எவரும் எண்ணுவர். அதற்கு அப்பால் வரிசை வரிசையாகச் செங்கற் கட்டடங்கள், இரட்டை மின்வேலி, தூக்குமரம். சிறைச்சாலை ஒன்றினைக் கண்டோம் என்ற எண்ணத்தோடு அவர் திரும்பக்கூடும்.

உண்மை அதுவன்று. வந்த 13 லட்சம் பேரில் கைதிகள் எனப் பதிவு செய்யப்பட்டு எண் பெற்றவர் ஏறத்தாழ 4 லட்சம் பேரே. எஞ்சிய 9 லட்சம் பேருக்கு எண்ணும் இல்லை, படுக்கையும் இல்லை, ஒருவேளைச் சோறும் இல்லை. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இரயிலை விட்டிறங்கிய சில மணி நேரத்திற்குள் விஷவாயுவினால் கொல்லப்பட்டனர். அது நடந்த இடமும் பெரும்பாலும் இவ்வாயிலுக்குள் அன்று. 3 கிலோமீட்டர் தொலைவில், 1941 அக்டோபரில் கட்டத் தொடங்கிய பிர்க்கெனாவ் என்னும் இரண்டாம் முகாமில். புகழ்பெற்ற அந்த வாயிலை மாண்டோரிற் பெரும்பாலார் கண்டதே இல்லை. கையிற் பச்சை குத்திய எண்ணை நாம் இக்கொடுமையின் அடையாளமாகக் கருதுகின்றோம். அந்த எண்ணோ, சிறிது காலமேனும் உயிரோடு வைக்கப்பட்டோர்க்கே இடப்பட்டது. கண்ணுக்குப் புலப்படும் கட்டடம் இதனைச் சொல்லாது. யாரேனும் ஒருவர்தாம் சொல்ல வேண்டும்.

பிர்க்கெனாவிலும் கண் ஏமாறும். அங்கே பரந்த புல்வெளியில் நூற்றுக்கணக்கான செங்கற் புகைபோக்கிகள் நிற்கின்றன. புதிதாய் வருவோர் பிணம் எரித்த உலைகளின் புகைபோக்கிகள் இவை என்று கருதினால் வியப்பில்லை. அவை மரக்கொட்டகைகளைச் சூடாக்க அமைந்த அடுப்புகளின் புகைபோக்கிகள். குதிரை லாயத்திற்கென வகுத்த மாதிரியில் அமைந்த அக்கொட்டகைகளைப் போர் முடிந்தபின் பிரித்து, வீடிழந்த மக்களின் குடியிருப்புக்கென மரத்தை எடுத்துச் சென்றனர். செங்கல் மட்டும் நின்றுவிட்டது. உண்மையான கொலைக்கூடங்களோ தரையோடு தரையாய்க் கிடக்கின்றன. நான்கனுள் ஒன்றினை, 1944 அக்டோபர் 7 அன்று, பிணம் எரிக்கும் வேலைக்கு வற்புறுத்தப்பட்ட யூதக் கைதிகளே கலகம் செய்து தீயிட்டனர். ஏனைய மூன்றினையும், சாட்சியம் எஞ்சலாகாது என்று, தோல்வியுற்று ஓடுமுன் 1945 ஜனவரியில் ஜெர்மானியர் வெடிவைத்துத் தகர்த்தனர்.

முதல் முகாமில் முழுமையாக நிற்கும் உலைக்கூடம் ஒன்று உண்டு. அதன் விஷவாயு அறையில் 1941-இலும் 1942-இலும் மக்கள் கொல்லப்பட்டது உண்மை. ஆயினும் 1944-இல் ஜெர்மானியர் அதனை விமானத் தாக்குதலுக்கு ஒதுங்கும் பதுங்கிடமாக மாற்றினர். போருக்குப் பின்னர்க் காட்சிசாலையார், கிடைத்த பழைய உறுப்புக்களைக் கொண்டு உலைகள் இரண்டினையும் புகைபோக்கியினையும் மீண்டும் எழுப்பினர். இதனை மறைக்காமல் கூறுவது நல்ல வழிகாட்டியின் கடமை. இதனைக் கேளாது சென்ற ஒருவர், பின்னர் எவரோ இஃது அனைத்தும் புதிதாய்க் கட்டியது என்று ஏளனம் செய்யும்போது விடையின்றித் திகைப்பார்.

எனினும் வழிகாட்டி சொல்லாமலே விளங்குவனவும் அங்கு உள. பெயரும் ஊரும் வெள்ளை வண்ணத்தில் எழுதிய பெட்டிகள். திரும்பப் பெறுவோம் என்று நம்பி எழுதிய பெயர்கள். குவிந்து கிடக்கும் காலணிகள். அவற்றுள் குழந்தைகளுடையவும் உண்டு. வெட்டியெடுத்த பெண்களின் கூந்தல் ஏறத்தாழ 2,000 கிலோகிராம் ஒரே அறையில் கிடக்கின்றது. அங்கே படம் எடுத்தல் ஆகாது. இத்தகைய இடத்தில் செவியிற் கருவி பொருத்திக்கொண்டு, பின்னே அடுத்த குழு நெருக்க, குறித்த நேரத்தில் நகர வேண்டியிருப்பது நமக்கு உவப்பானதன்று. பொது வழிகாட்டல் ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் இரு முகாம்களையும் முடித்துவிடுகின்றது. பிர்க்கெனாவின் பரப்பு மட்டும் ஏறத்தாழ 170 ஹெக்டேர். இதனை நோக்கத் தனியே செல்வோர் கூறும் குறை நியாயமே.

வழிகாட்டிகளின் கதையும் ஒரு வரலாறு. முகாமின் முதல் தலைவனான ஹெஸ் என்பவன் 1947 ஏப்ரல் 16 அன்று, முதல் முகாமின் உலைக்கூடத்தருகே தூக்கிலிடப்பட்டான். இரண்டு மாதங்களுக்குள், ஜூன் 14 அன்று, காட்சிசாலை திறக்கப்பட்டது. முன்னாட் கைதிகளே அதன் காவலரும், அதிகாரிகளும், வழிகாட்டிகளுமாயினர். சாம்பலிற் பொன் கிடைக்குமோ என்று பிர்க்கெனாவ் மண்ணைத் தோண்ட வந்தோரையும் அவர்களே விரட்ட வேண்டியிருந்தது. 1940-இல் முகாமிற் கைதியாகப் புகுந்த காசிமியேஷ் ஸ்மோலென் என்பவர், 1955 முதல் 1990 வரை அக்காட்சிசாலையின் தலைவராக இருந்தார். பார்வையாளர்க்கான கையேட்டினையும் எழுதினார். 2012-இல், முகாம் விடுதலை பெற்ற அதே ஜனவரி 27-ஆம் நாளில் அவர் காலமானார்.

கண்டவர் சொன்னார் என்பதனால் அனைத்தும் சரியாக இருந்துவிடவில்லை. 1945-இல் ரஷ்ய விசாரணைக் குழுவினர், உலைகள் எத்தனை பிணங்களை எரிக்கவல்லன என்று கணித்து, மாண்டோர் 40 லட்சம் என அறிவித்தனர். 1967-இல் பிர்க்கெனாவில் எழுந்த நினைவுச் சின்னத்தின் பலகைகளும் பல மொழிகளில் அவ்வெண்ணையே கூறின. வழிகாட்டிகளும் அதனையே கூறினர். மாண்டோரிற் பெரும்பாலார் யூதர் என்பதும் அக்காலத்துப் போலந்து அரசின் சொல்லில் அழுத்தம் பெறவில்லை. பல நாட்டு மக்கள் என்ற பொதுச்சொல்லில் அது மறைந்தது. காட்சிசாலையின் வரலாற்றாசிரியர் ஃபிரான்சிஷெக் பிப்பர், எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் இரயிலில் அனுப்பப்பட்டனர் என்னும் பட்டியல்களை ஒப்பிட்டு, 11 லட்சம் என்னும் தொகையை நிறுவினார். 1990-இல் பழைய பலகைகள் அகற்றப்பட்டன. பின்னர் வைத்த பலகைகள் ஏறத்தாழ 15 லட்சம் என்கின்றன. அருகில் நிற்கும் வழிகாட்டியோ 11 லட்சம் என்பார். ஐரோப்பாவில் மாண்ட யூதர் 60 லட்சம் என்னும் கணக்கு அந்தப் பழைய 40 லட்சத்தின் மேல் எழுந்ததன்று. ஆகவே ஒன்று குறைந்ததனால் மற்றொன்று குறைவதில்லை. கல்லில் எழுதியதும் திருத்தத்திற்கு உரியதே என்று காட்டும் இவ்விடம், நம் கருத்தில், வழிகாட்டி தவறாமல் நின்று பேச வேண்டிய இடம்.

இத்தாலிய எழுத்தாளர் பிரீமோ லேவி, மோனோவிட்ஸ் என்னும் மூன்றாம் முகாமில் 1944 முதல் விடுதலை நாள் வரை கைதியாக இருந்தவர். போருக்குப் பல்லாண்டு கழித்து அவர் திரும்பி வந்தார். ஒழுங்குபடுத்திய முதல் முகாம் தம்மைப் பெரிதும் அசைக்கவில்லை என்றும், கைதியாக இருந்தபோது தாம் கண்டே இராத பிர்க்கெனாவில் நுழைந்ததும் வேதனை பற்றிக்கொண்டது என்றும் எழுதியுள்ளார். அங்கேயே துன்புற்றவர்க்கும் அதன் ஒரு மூலைதான் தெரிந்திருந்தது. அவரே கூறும் மற்றொன்று பிறமொழி நாட்டில் வாழும் நமக்கு எளிதில் விளங்கும்: ஜெர்மன் மொழி அறியாத இத்தாலியக் கைதிகள் பலர், இட்ட கட்டளை இன்னதென்று புரியாமலே முதல் வாரங்களில் மடிந்தனர். வழிகாட்டியின் மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது, ஐயமின்றி விளங்கும் மொழியையே கொள்வது நலம். அரைகுறையாக விளங்கும் மொழியில் இவ்வரலாற்றைக் கேட்பது கேளாமையினும் தீது.

போக நினைப்போர்க்கு நாம் கூறுவது இது. முதல் முகாமிற்கு வழிகாட்டியுடன் செல்க. நுழைவுக்குக் கட்டணமில்லை, வழிகாட்டிக்கு உண்டு, கூட்டம் மிகும் வேளைகளில் துணையின்றி விடுவதும் இல்லை. பெயர் பதிந்து அனுமதிச்சீட்டினை முன்னரே பெறுதல் வேண்டும். 14 வயதிற்குட்பட்ட குழந்தைகளை அழைத்துவர வேண்டாம் என்று காட்சிசாலையாரே கேட்டுக்கொள்கின்றனர். பிர்க்கெனாவில் வழிகாட்டி விடைபெற்ற பின், உடனே வண்டி ஏறாமல் அங்கேயே தங்கித் தனியே நடக்க வேண்டும். தகர்ந்த உலைக்கூடங்களுக்கு அப்பால், மரங்களினிடையே, கூட்டம் செல்வதில்லை. 1944-இல் ஹங்கேரியிலிருந்து வந்த தாய்மாரும் குழந்தைகளும் தங்கள் முறைக்காக அம்மரங்களின் கீழ்க் காத்திருந்த புகைப்படங்கள் கிடைத்துள்ளன. எங்கே நின்றனரோ அங்கேயே அப்படங்களை வைத்திருக்கின்றனர்.

திரும்பும் வழியில், இரு முகாம்களுக்கும் இடையே, இன்னோர் இடம் உண்டு. 1944 மே மாதம் பிர்க்கெனாவின் உள்ளே தண்டவாளம் நீளும் வரையில், யூதர்களை ஏற்றிவந்த இரயில்கள் நின்ற பழைய மேடை அது. இலட்சக்கணக்கானோர் இறங்கியதும், பிரிக்கப்பட்டதும் அங்கேதான். 2005-இல்தான் அதனைச் செப்பனிட்டனர். பொதுவாகக் குழுக்கள் அங்கே நிற்பதில்லை. சரக்கு வண்டிகள் இரண்டும், விளக்கப் பலகைகளும் உள்ளன. சற்று அப்பால் மக்கள் குடியிருக்கும் வீடுகள்.