ஈஜோக் முதல் புத்ராஜெயா வரை

கம்போங் குவாந்தானுக்கு இரவில் படகேறி மின்மினி காண வருவோர் பலர். அவ்வூர் அமைந்த கோலசிலாங்கூர் வட்டாரம் அன்வார் இப்ராஹிமின் அரசியல் வாழ்வில் பெற்ற இடத்தை அவருள் அறிந்தோர் சிலரே.

1998 செப்டம்பரில் துணைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்டுச் சிறை புகுந்த அன்வார், 2004இல் விடுதலையானார். ஆயினும் 2008 ஏப்ரல் வரை தேர்தலில் நிற்க அவருக்குத் தடை இருந்தது. எனவே 2007 ஏப்ரலில் நடந்த ஈஜோக் சட்டமன்ற இடைத்தேர்தலில், தம் கட்சியின் காலிட் இப்ராஹிமுக்காக வாக்குக் கேட்டு வந்தார். ம.இ.கா.வின் பார்த்திபன் 1,850 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

அவ்வெற்றி ஓராண்டும் நிலைக்கவில்லை. நவம்பர் 25ஆம் நாள் ஹிண்ட்ராப் பேரணியில் இந்தியர் கோலாலம்பூர் வீதிகளில் திரண்டனர். 2008 மார்ச் 8ஆம் நாள் அதே ஈஜோக்கில் வென்ற காலிட், சிலாங்கூரின் மந்திரி பெசாரானார். இதை அன்வாரின் நாவன்மைக்குக் கிடைத்த வெற்றி என்பாருளர். தோட்டப்புறத் தமிழரின் மனத்தாங்கலே பெருங்காரணம் எனல் பொருந்தும். அதே காலிட்டை 2014இல் அவர்தம் கட்சியே பதவியிறக்க முனைந்தது. அன்வாரின் வரலாற்றில் அது நல்ல பக்கமன்று.

2015இல் மீண்டும் சிறை. தம்மை நீக்கிய மகாதீருடனேயே கைகோத்து, 2018 மே மாதம் பொதுமன்னிப்பில் வெளிவந்தார்.

2022 நவம்பர்த் தேர்தலில் கோலசிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதி உற்று நோக்கப்பட்டது. அன்வாரின் கூட்டணியைச் சேர்ந்த சுல்கிப்ளி அகமட், தேசிய முன்னணியின் தெங்கு ஸாப்ருலை 1,002 வாக்குகளில் வென்றார். நாட்டில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டாமையால், நேற்றைய எதிரியான தேசிய முன்னணியின் துணையோடு நவம்பர் 24ஆம் நாள் அன்வார் பிரதமரானார். தோற்ற ஸாப்ருல் டிசம்பரிலேயே வாணிப அமைச்சர்! வென்ற சுல்கிப்ளியோ ஓராண்டு கழித்தே சுகாதார அமைச்சரானார். எதிர்க்கட்சி மேடையில் நின்று அன்வார் இதைச் செய்திருக்க முடியாது. பகைவரோடு ஒரே மேசையில் அமர்ந்ததால்தான் அவர் ஆட்சி நிலைத்தது. பழைய தொண்டருள் சிலர் மனம் கசந்ததும் அதனாலேயே.

வட சிலாங்கூரின் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார் முதலிய ஐந்து தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்கள், நிலம் கைமாறியபின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டுக்குக் காத்திருந்தன. 2023இல் அவர்களுக்கான வீடமைப்புத் திட்டத்தை அன்வார் அறிவித்தார்.