பவளத்துக்கு ஏற்றிய விளக்கு

பவளம் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் பயின்றோர் நெஞ்சில் தோன்றுவது செம்மணிதான். பழைய இலக்கியம் அதனைத் துகிர் என்றும் வழங்கும். காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் வந்து குவிந்த பொருள்களை அடுக்கிச் சொல்லும் பட்டினப்பாலை, கிழக்குக் கடலின் துகிரையும் அவற்றோடு சேர்க்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டினதான எரித்திரியக் கடற்பயண நூலோ, மேலைக் கப்பல்கள் முசிறிப் பக்கம் கொண்டுவந்த சரக்குகளில் பவளத்தைக் குறிக்கிறது. மத்தியதரைக் கடலின் அந்தச் செம்பவளம் மங்கலான குகைகளிலும் ஆழத்திலும் வளர்வது. அதற்கு வெயில் வேண்டியதில்லை.

கடலுக்குள் பாறைத்தொடர்களை எழுப்பும் பவளம் இதற்கு உறவினர். ஆனால் வாழ்முறையில் வேறானது. அது வெயிலின்றி வாழாது. அதனைக் கண்ணாடித் தொட்டிக்குள் வைத்து வீட்டில் வளர்க்க விரும்பிய மனிதர்கள், ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் கழித்தே அதற்குரிய ஒளியைக் கைவசப்படுத்தினார்கள். இன்று உலகெங்கும் வீட்டுப் பவளத்தொட்டிகளின் மேல் நீலமாய் எரியும் எல்.இ.டி. விளக்குகள் அந்த நெடும்பயணத்தின் முடிவில் வந்தவை. பவளத்துக்கு ஒளி உணவு என்பதை முதலில் கற்றோம். ஒளியே நிறம் என்பதைப் பிறகு கண்டோம். ஒளியே காலக்கணக்கும் ஆகும் என்பதைக் கடைசியில் அறிந்தோம். இக்கட்டுரையில் அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

கல்பவளத்தை முதன்முதலில் வீட்டில் வளர்த்தவராக அறியப்படுபவர் அன்னா தின் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1846-ஆம் ஆண்டு டார்க்கி கடற்கரையில் கிடைத்த சிறு கிண்ணப்பவளங்களை அவர் இலண்டனுக்கு எடுத்துச் சென்றார். கடல்நீர் கெடாதிருக்க, திறந்த சன்னலருகே பணிப்பெண் அந்நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு நாள்தோறும் ஊற்றி ஊற்றிக் காற்றேற்றினாள். அடுத்த ஆண்டு கடற்பாசிகளைச் சேர்த்து அந்த உழைப்பைக் குறைத்தார்கள். அப்பவளங்கள் ஏறத்தாழ மூன்றாண்டு வாழ்ந்தன. குளிர்கடலைச் சேர்ந்த அந்த இனம் ஒளியை நம்பி வாழ்வதன்று. அவர் வெப்பமண்டலப் பாறைப்பவளம் ஒன்றை அந்த இலண்டன் அறைக்குக் கொண்டுவந்திருந்தால், எத்தனை முறை நீரை ஊற்றினும் அது பிழைத்திராது.

ஏன் பிழைத்திராது என்பதை அறிவியல் மெல்ல மெல்லத்தான் கண்டது. பாறை கட்டும் பவளங்கள் சில பத்து மீட்டர் ஆழத்துக்குக் கீழே செழிப்பதில்லை என்று சார்லஸ் டார்வின் 1842-இல் எழுதினார். பவளம் போன்ற உயிர்களின் உடலுக்குள் குடியிருக்கும் பழுப்புநிற நுண்பாசிக்கு 1881-இல் கார்ல் பிராண்ட் சூசாந்தெல்லா என்று பெயரிட்டார். 1928-29-இல் ஆஸ்திரேலியப் பெரும்பவளத்திட்டுக்கு ஆய்வுப்பயணம் சென்ற சி.எம். யங், பவளங்களை மாதக்கணக்கில் இருட்டில் வைத்துப் பார்த்தார். அவை பாசியை இழந்து வெளுத்தன. ஆயினும் இரை கொடுத்தால் வாழ்ந்தன. ஆகவே பவளம் ஊனுண்ணியே, பாசி அதன் கழிவை வாங்கிக்கொள்ளும் துணை மட்டுமே என்று அவர் கருதினார். அந்த முடிவு நிலைக்கவில்லை. பாசி ஒளியில் ஆக்கும் கரிமப் பொருள் விருந்தளிக்கும் விலங்கின் உடலுக்குள் செல்கிறது என்பதை மஸ்கட்டைனும் ஹேண்டும் 1958-இல் கடற்சாமந்தியில் மெய்ப்பித்தனர். பவளம் சுண்ணாம்பு சேர்க்கும் வேகம் ஒளியில் பன்மடங்கு கூடுவதைக் கதிரியக்கக் கால்சியத்தின் துணையால் தாமஸ் கோரோ 1959-இல் காட்டினார். பவளத்தின் சோறு வெயிலிலிருந்து வருகிறது என்பது இவ்வாறு உறுதிப்பட்டது.

இந்த ஆய்வுத்தாள்களின் துணையின்றியே ஜகார்த்தாவில் ஒருவர் இதனைச் செய்து காட்டினார். லீ சின் எங் என்னும் அவர், கடலிலிருந்து உயிர்கள் படிந்த பாறைத்துண்டுகளையும் பவளங்களையும் தொட்டியிலிட்டு, காற்றுக்குமிழிகளை மட்டும் விட்டு, வெப்பமண்டல வெயிலை நம்பினார். 1961-இல் அவர் எழுதிய கட்டுரை மேலைநாட்டு வளர்ப்பாளர்களைத் திகைக்க வைத்தது. ஆனால் அவர் முறையைப் பின்பற்ற முயன்ற குளிர்நாட்டவர் பலர் தோற்றனர். பாறையையும் நீரையும் விலைக்கு வாங்கிவிடலாம். ஜாவாவின் வெயிலை வாங்க இயலாது.

அந்த வெயிலுக்கு மாற்றாக முதலில் வந்தவை குழல்விளக்குகள். அவற்றின் கீழ் மென்பவளங்கள் வாழ்ந்தன. அக்ரோபோரா போன்ற கிளைப்பவளங்கள் வாடின. 1980-களில் பெர்லினில் டீட்ரிச் ஸ்டூபரும் அவருடைய தோழர்களும் மெட்டல் ஹாலைடு விளக்குகளைத் தொட்டியின் மேல் தொங்கவிட்டனர். 1960-களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் உருப்பெற்ற அவ்விளக்கு, விளையாட்டரங்குகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் உரியது. அதன் கீழ் ஸ்டூபரின் அக்ரோபோரா கிளைவிட்டு வளர்ந்தது. அதன் துண்டுகள் கைமாறிக் கைமாறி ஐரோப்பாவெங்கும் பரவின. கடலில் பிடுங்காமல், தொட்டியில் வளர்ந்ததை ஒடித்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் அங்கே வேர்பிடித்தது. 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய தொடர்கட்டுரைகள் அமெரிக்காவிலும் இந்த ஆர்வத்தை மூட்டின.

இந்த விளக்குக்கு ஒரு விலை இருந்தது. பெரிய தொட்டி ஒன்றுக்கு 400 வாட் விளக்குகள் மூன்று வேண்டும் எனக் கொண்டால், விளக்குக்கு மட்டும் 1200 வாட். அது உமிழும் அகச்சிவப்பு வெப்பம் நேரே நீரில் இறங்கும். அதனைத் தணிக்கக் குளிர்விக்கும் பொறி வேண்டும். அதற்கும் மின்சாரம் வேண்டும். இதற்குமேல், ஓரிரு ஆண்டுக்குள் குமிழின் நிறம் திரிந்துவிடும், மாற்றியாக வேண்டும்.

நிறத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது. தெளிந்த கடல்நீரில் செந்நிற ஒளி முதற்சில மீட்டர்களிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். ஆழத்துக்குச் செல்வது 450 முதல் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலம். பவளத்தின் பாசியிலுள்ள பச்சையமும் பெரிடினின் என்ற நிறமியும் இந்த நீலத்தையே பெரிதும் ஏற்கின்றன. எனவே வளர்ப்பாளர்கள் மெட்டல் ஹாலைடின் மஞ்சள் சாயலைத் துறந்து 10,000 கெல்வின், 14,000 கெல்வின், 20,000 கெல்வின் என நீலத்தை நோக்கி நகர்ந்தனர். 420 நானோமீட்டரில் ஒளிரும் ஆக்டினிக் குழல்களையும் உடன் ஏற்றினர்.

அவர்கள் தேடிய நீலம் அப்போது வேறொரு துறையில் பிறந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியும் செந்நிற எல்.இ.டி.யை 1962-இலேயே நிக் ஹோலன்யாக் உருவாக்கிவிட்டார். பச்சையும் வந்தது. நீலம் மட்டும் முப்பதாண்டு போக்குக் காட்டியது. காலியம் நைட்ரைடு படிகத்தைச் செம்மையாக வளர்க்கும் வழியை நகோயாப் பல்கலைக்கழகத்தில் அகாசாகியும் அமானோவும் 1980-களில் கண்டனர். 1993-இல் நிச்சியா நிறுவனத்தில் நகமுரா ஒளிமிக்க நீல எல்.இ.டி.யை வெளியிட்டார். மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. உலகம் அந்த நீலத்தின்மேல் மஞ்சள் ஒளிர்பொடி பூசி வெள்ளை விளக்காக்கிக்கொண்டது. பவளம் வளர்ப்போர்க்கு அந்தப் பூச்சுக்கூடத் தேவைப்படவில்லை. கடலாழத்தின் நிறம் அப்படியே கிடைத்துவிட்டது.

பவளத்தொட்டிக்கென்றே செய்யப்பட்ட முதல் எல்.இ.டி. விளக்குகளுள் பெயர்பெற்றது, பி.எஃப்.ஓ. நிறுவனம் 2006-07 வாக்கில் கொண்டுவந்த சொலாரிஸ். எளியோர்க்கு எட்டாத விலை அது. கடல் தொட்டிக்கான எல்.இ.டி. ஒளியமைப்புக்கு ஆர்பிட்டெக் என்ற மற்றொரு நிறுவனம் 2007-இல் காப்புரிமை பெற்றது; தகராறு எழுந்தது; 2009-இல் சொலாரிஸ் சந்தையிலிருந்து மறைந்தது. விதை மட்டும் அழியவில்லை. 2011-இல் எக்கோடெக் நிறுவனத்தின் ரேடியன் வந்தபோது, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் இயலும் நிலை ஏற்பட்டிருந்தது. வெப்பம் நீருக்குள் இறங்காமல், விளக்கின் முதுகிலுள்ள உலோகத் தகடுகள் வழியே மேலே வெளியேறியது. மின்செலவு குறைந்தது, ஆண்டுதோறும் குமிழ் மாற்றும் தொல்லையும் போயிற்று.

ஆனால் தொடக்க ஆண்டுகளில் ஒரு விந்தை நிகழ்ந்தது. புதுவிளக்கை மாட்டியவர்கள், "ஒளி மங்கலாக இருக்கிறதே" என்று கூட்டிவைத்தனர்; சில நாள்களில் பவளங்கள் வெளுத்தன. குறை விளக்கில் இல்லை. நம் கண்ணில் இருந்தது. மனிதக் கண் பகலொளியில் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டர் பச்சையை. 450 நானோமீட்டர் நீலத்தை அது அந்த அளவில் நூற்றில் நான்கு பங்கே உணர்கிறது. நமக்கு மங்கலாய்த் தோன்றும் நீலம் பாசிக்கு உச்சிவெயில். இதனால் கண்ணளவு கைவிடப்பட்டு, கருவியளவு வந்தது. ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளித்துகள்கள் சதுர மீட்டருக்கு நொடியொன்றுக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதே அந்த அளவு. வெப்பமண்டல நண்பகலில் கடல்மேற்பரப்பில் அது 2000 அளவில் இருக்கும். தொட்டியில் மென்பவளத்துக்கு 50 முதல் 150 வரையும், அக்ரோபோராவுக்கு 200 முதல் 350 வரையும் வைப்பது பெருவழக்கு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் சஞ்சய் ஜோஷி போன்றோர் விளக்கு விளக்காக அளந்து எண்களை வெளியிட்டது, விளம்பரச் சொற்களை நம்பியிருந்த ஒரு கலையைக் கணக்கின்மேல் நிறுத்தியது.

நீலவொளி மற்றொன்றையும் வெளிக்கொணர்ந்தது. பல பவளங்களின் உடலிலுள்ள புரதங்கள் நீலத்தை ஏற்றுப் பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும் உமிழ்கின்றன. இந்த ஒளிரும் நிறமிகளை ஜப்பானிய அறிஞர் கவகுதி 1944-இலேயே ஆராய்ந்தார். நியூ காலிடோனியாவின் நூமியா காட்சியகத்தில் ரெனே கட்டாலா 1950-களில் புறவூதாக் கதிரின்கீழ் அவற்றை மக்களுக்குக் காட்டி வியக்க வைத்தார். 1999-இல் மாஸ்கோ ஆய்வாளர்கள், தம் நகரத்து மீன்தொட்டிகளில் வளர்ந்த பவளவுயிர்களிலிருந்து இத்தகைய புரதங்களைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் ஒன்றான சிவப்புப் புரதம், உயிரணுவுக்குள் நிகழ்வதைப் பார்க்க உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்படுகிறது. பொழுதுபோக்கு என்று எள்ளப்பட்ட தொட்டி, அறிவியலுக்கு ஒரு விளக்கைத் திருப்பித் தந்த நிகழ்ச்சி இது.

அதே நிறம் ஆசையையும் வளர்த்தது. பழுப்புப் பவளத்துக்கு மதிப்பில்லை. நீலவிளக்கில் கனல்போல் ஒளிரும் நகத்தளவுத் துண்டுக்குப் பெரும் விலை. காட்டுப் பவளத்தின்மீது கண் பாய்ந்தது. கல்பவளங்களின் பன்னாட்டு வணிகம் 1990 முதல் உடன்படிக்கைக் கட்டுப்பாட்டில் உள்ளது. லீ சின் எங்கின் நாடான இந்தோனேசியா 2018-இல் பவள ஏற்றுமதியை நிறுத்தி, 2020-இல் வளர்ப்புப் பவளங்களுக்கு மீண்டும் வழிவிட்டது. இந்தியாவில் பாறை கட்டும் பவளங்கள் யாவும் 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆகவே மன்னார் வளைகுடாவில் ஒரு துண்டை ஒடித்தெடுப்பது புலிவேட்டையை ஒத்த குற்றம். தமிழ்நாட்டு மீன்வளர்ப்பு ஆர்வலர் இதனை மனங்கொள்வது நலம்.

மூன்றாம் பாடம் காலம். பெரும்பவளத்திட்டில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் ஆண்டுக்கொருமுறை, முழுநிலவுக்குப் பின்வரும் சில இரவுகளில் ஒருங்கே முட்டையும் விந்தும் சொரிகின்றன என்பது 1980-களின் தொடக்கத்தில் அறியப்பட்டது. நீரின் வெப்பம், பகலின் நீளம், நிலவின் ஒளி ஆகியவை அந்த நாளைக் குறிக்கின்றன. மெட்டல் ஹாலைடால் நண்பகலைத் தர இயலும். விடியலையும் வளர்பிறையையும் தர இயலாது. எல்.இ.டி.க்கு அது எளிது. இலண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸும் தோழர்களும் செயற்கைக் கதிரவனையும் செயற்கை நிலவையும் கணினியால் இயக்கி, நான்கு அக்ரோபோரா இனங்களை மூடிய தொட்டியில் உரிய பருவத்தில் முட்டையிடச் செய்து, 2017-இல் அம்முறையை வெளியிட்டனர். அன்னா தின் நீரை ஊற்றிக் காத்த அதே நகரத்தில் இது நிகழ்ந்தது.

இந்த வெற்றியின் பொருள் கடலின் நிலையோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். நீர் சூடேறும்போது பாசியின் ஒளிச்சேர்க்கை நிலைகுலைகிறது. உணவாயிருந்த ஒளி நச்சு ஆக்சிஜனைப் பிறப்பிக்கிறது. பவளம் பாசியை உமிழ்ந்து வெளுக்கிறது. அளவுமீறிய விளக்கின்கீழ் வளர்ப்பாளர் தொட்டியில் கண்டதற்கு நெருங்கிய ஒன்று, வெப்பத்தால் கடலளவில் நிகழ்கிறது. நான்காம் உலகளாவிய வெளுப்பு 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

ஃபுளோரிடாக் கடலில் தூண்பவளம் என்றோர் இனம் உண்டு. 2014-இல் பரவத் தொடங்கிய கொள்ளைநோய் அதனை ஏறக்குறைய துடைத்தெடுத்தது. எஞ்சியவற்றின் துண்டுகளை முன்கூட்டியே கரைக்குக் கொண்டுவந்து தொட்டிகளில் காத்தனர். 2019 ஆகஸ்டில், ஹார்னிமன் முறையைத் தழுவி, ஃபுளோரிடா காட்சியகத்து விளக்குகளின் கீழ் அப்பவளம் முதன்முறையாக ஆய்வகத்தில் முட்டையிட்டது. வீட்டுத் தொட்டியை அழகுபார்க்க வளர்ந்த விளக்குக் கலை, அந்த இரவில் ஓர் இனத்தின் வழித்தோன்றல்களுக்கு நிலவாய் நின்றது.