பல்கலைக்கழகம் போனபின் பட்டதாரிகள் யாருடையவர்கள்? நன்யாங் சொல்லும் பதில்

பூன் லே பேருந்து முனையத்தில் 179 அல்லது 199 எண் பேருந்தில் ஏறினால் நேரே நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் (என்டியு) போகலாம். தினமும் அந்தப் பாதையில் போகும் மாணவர்கள் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. என்டியு உருவானது 1991-இல். ஆனால் அதன் முன்னாள் மாணவர் பட்டியலில் 1960-இல் பட்டம் வாங்கியவர்களும் இருக்கிறார்கள்!

அது எப்படி? பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் இல்லாமல் போய்விட்டால், அதில் படித்தவர்கள் எங்கே சேர்வார்கள்? பார்ப்போம்.

முதலில், யார் அந்த 1960 பட்டதாரிகள்?

அவர்கள் நன்யாங் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். சீனத்தில் சுருக்கமாக ‘நன்தா’ என்பார்கள். பெயரில் ‘தொழில்நுட்பம்’ கிடையாது. அது வேறு பல்கலைக்கழகம்.

1950-களில் சீன மொழிப் பள்ளிகளில் படித்து முடித்தவர்களுக்கு மேற்படிப்பு பெரிய சிக்கலாக இருந்தது. இங்கிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம்தான். சீனாவுக்குப் போய்ப் படித்தால் திரும்பி வர முடியுமா என்பது நிச்சயமில்லை.

1953-இல் ஹொக்கியன் ஹுவே குவான் சங்கத்தின் தலைவரும் ரப்பர் தொழிலதிபருமான டான் லார்க் சை, ‘நாமே ஒரு பல்கலைக்கழகம் கட்டுவோம்’ என்றார். தன் பங்காக 5 மில்லியன் வெள்ளி தருவதாக அறிவித்தார். சங்கம் ஜூரோங்கில் 500 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தைக் கொடுத்தது.

பணக்காரர்கள் மட்டும் கொடுக்கவில்லை. டாக்சி ஓட்டுநர்கள், அங்காடிக்காரர்கள் என்று பலரும் கொடுத்தார்கள். 1954-இல் டிரைஷா ஓட்டுநர்கள் ஒரு நாள் முழுக்க ஓட்டிச் சம்பாதித்ததை அப்படியே நிதிக்குத் தந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் பல்கலைக்கழகப் படியையே மிதிக்காதவர்கள்.

1956-இல் வகுப்புகள் தொடங்கின. 1958 மார்ச் 30-ஆம் தேதி அதிகாரபூர்வத் திறப்பு விழா நடந்தது. 1960-இல் முதல் பட்டமளிப்பு.

பட்டம் கிடைத்தது. வேலை?

அங்கேதான் பிரச்சினை. ஆரம்பத்தில் நன்தா பட்டத்துக்கு அரசாங்க அங்கீகாரம் இல்லை. அது 1968-இல்தான் கிடைத்தது. அதற்கு முன் படித்து முடித்தவர்கள் அங்கீகாரமில்லாத பட்டத்தோடு வேலை தேட வேண்டியிருந்தது.

அரசியலும் உள்ளே வந்தது. 1963 தேர்தலில் எதிர்த்தரப்பில் நின்ற நன்தா பட்டதாரிகளை டான் லார்க் சை ஆதரித்தார். 1964-இல் அவருடைய சிங்கப்பூர்க் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1972-இல் அவர் காலமானார்.

1975-இல் பாடமொழி ஆங்கிலமாக மாறியது. 1980 ஆகஸ்ட்டில் நன்தாவும் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் இணைக்கப்பட்டு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் (என்யுஎஸ்) பிறந்தது. கால் நூற்றாண்டில் சுமார் 12,000 பட்டதாரிகளை உருவாக்கிய நன்தா அத்தோடு முடிந்தது.

அப்படியென்றால் அவர்கள் என்யுஎஸ் முன்னாள் மாணவர்கள்தானே?

இணைப்பின்படி பார்த்தால் அதுதான் நேரான பதில். ஆனால் ஜூரோங் வளாகம் காலியாகக் கிடக்கவில்லை. 1981-இல் அங்கே பொறியியலுக்காக நன்யாங் தொழில்நுட்பக் கழகம் தொடங்கியது. 1991-இல் அதுவும் தேசியக் கல்விக் கழகமும் சேர்ந்து என்டியு ஆயின.

1996-இல் நன்தாவின் முன்னாள் மாணவர் பட்டியல் என்டியுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே இடம், பெயரிலும் அதே ‘நன்யாங்’. சட்டப்படி இணைந்தது ஒரு பல்கலைக்கழகத்தோடு, பட்டியல் போனது இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு.

இதை எல்லாரும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. ‘திரும்பிப் போக ஒரு வீடு கிடைத்தது’ என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. ‘நாங்கள் படித்தது வேறு, இது வேறு’ என்றவர்களும் உண்டு. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

அந்தக் கதையை இன்று எங்கே பார்க்கலாம்?

மூன்று இடங்களில். நன்தாவின் நூலக, நிர்வாகக் கட்டடம் இப்போது சீன மரபுடைமை நிலையம். அதற்கு எதிரே யுனான் தோட்டத்தில் நன்தா நினைவுச்சின்னம் நிற்கிறது. மூன்றாவது, பழைய நுழைவாயில் வளைவு. மூன்றும் 1998-இல் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

வளைவைத் தேடி வளாகத்துக்குள் போனால் ஏமாந்துவிடுவீர்கள். யுனான் தோட்டத்தில் இருப்பது 1995-இல் கட்டிய நகல். அசல் வளைவு வளாகத்துக்கு வெளியே, ஜூரோங் வெஸ்ட் ஸ்திரீட் 93-இல், வீவக புளோக்குகளுக்கு நடுவே நிற்கிறது. பழைய வளாகத்தின் ஒரு பகுதி வீடுகளுக்கும் விரைவுச்சாலைக்கும் போனதால் வாசல் மட்டும் தனியாகிவிட்டது.

சரி, இதில் தமிழர்களுக்கு என்ன?

நிறைய இருக்கிறது. சாதாரண மக்கள் காசு போட்டுப் பல்கலைக்கழகத்தில் தங்கள் மொழிக்கு இடம் கேட்ட கதை நமக்கும் உண்டு. 1950-களில் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்பதுதான் நோக்கம். 1956-இல் அங்கே இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது.

பிறகு அந்தப் பல்கலைக்கழகமே இரண்டாகப் பிரிந்தது. சிங்கப்பூரில் தொடங்கிய அந்தத் துறை இன்று இருப்பது கோலாலம்பூரில்.

இன்னொன்று, உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி. 1982-இல் அது மூடப்பட்டது. பெயர் மட்டும் பீட்டி ரோட்டில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தில் வாழ்கிறது. அங்கே இன்று தமிழ் படிக்கிற மாணவர் அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவர் ஆகமாட்டார். ஆனாலும் அந்தப் பெயர் வழியாக ஒரு தொடர்பு இருக்கத்தான் செய்கிறது.

என்டியுவோடு நேரடித் தொடர்பும் உண்டு. தமிழாசிரியர்களுக்குப் பயிற்சி தரும் தேசியக் கல்விக் கழகம் என்டியுவின் ஓர் அங்கம். 2000-இல் அது ஜூரோங் வளாகத்துக்கு மாறியது. அங்கே பட்டம் வாங்கிய உங்கள் தமிழாசிரியரும், 1960-இல் சீன மொழியில் படித்துப் பட்டம் வாங்கிய ஒரு தாத்தாவும் இன்று ஒரே முன்னாள் மாணவர் பட்டியலில் இருக்கலாம்.

இது பழைய காலத்துப் பிரச்சினை மட்டும்தானா?

இல்லை. 2021-இல் யேல்-என்யுஎஸ் கல்லூரி மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அதன் கடைசி மாணவர்கள் 2025-இல் பட்டம் பெற்றார்கள். அவர்களுடைய பட்டத்தை வழங்கியது என்யுஎஸ் என்பதால் ‘யார் பொறுப்பு’ என்ற கேள்வி எழவில்லை. ஆனால் ‘எங்கே படித்தாய்?’ என்று யாராவது கேட்டால், இப்போது இல்லாத ஒரு கல்லூரியின் பெயரைத்தான் அவர்களும் சொல்ல வேண்டும்.

பெயர் மாறுவதும் இங்கே புதிதல்ல. மறைந்த அதிபர் எஸ் ஆர் நாதன் 1954-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பட்டயம் பெற்றார். அப்போது என்யுஎஸ் என்ற பெயரே கிடையாது. இன்று என்யுஎஸ் அவரைத் தன் முன்னாள் மாணவர் என்கிறது. தன் தொடக்கத்தையும் 1905-இல் திறந்த மருத்துவப் பள்ளியிலிருந்து கணக்கிடுகிறது.

பட்டியலில் இருந்தால் என்ன கிடைக்கும்?

ஒன்று, உங்கள் பட்டம் உண்மை என்று சொல்ல உயிரோடு இருக்கும் ஒரு நிறுவனம். வேலைக்கோ, வெளிநாட்டு மேற்படிப்புக்கோ விண்ணப்பித்தால் இது தேவைப்படும்.

இரண்டு, செய்தி. தரவரிசை, விருதுகள், புதிய ஆய்வுக்கூடம் என்று பல்கலைக்கழகம் அனுப்பும் மின்னஞ்சல் உங்களுக்கும் வரும். கூடவே நன்கொடை வேண்டுகோளும் வரும்! பல்கலைக்கழகங்களுக்குத் தரும் தகுதிபெற்ற நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. அதாவது 100 வெள்ளி கொடுத்தால், வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து 250 வெள்ளி குறையும்.

மூன்று, சொல்லும் உரிமை. பல்கலைக்கழகத்தின் வரலாறு எந்த ஆண்டில் தொடங்குகிறது, யாருடைய பெயர் கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பதில் முன்னாள் மாணவர்களின் குரலுக்கு எடை உண்டு. அதைச் சொல்ல முதலில் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

டிரைஷா ஓட்டுநர்களின் பெயர் எந்த முன்னாள் மாணவர் பட்டியலிலும் வராது. அவர்கள் கொடுத்த காசில் படித்தவர்களின் பெயர் இருக்கிறது. நன்தாவின் கடைசி மாணவர்களே இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் இருக்கும்வரை அந்தக் கதையை நேரில் கேட்க முடியும். அதற்குப் பிறகு அதைச் சொல்ல வேண்டியது பட்டியலை வாங்கிக்கொண்ட பல்கலைக்கழகத்தின் பொறுப்பு.