பிரெஞ்சு மொழியில் இறந்தகாலக் கேள்விகள்

பிரெஞ்சில் முடிந்துபோன செயலைப் பற்றி விசாரிக்கப் பேச்சிலும் அன்றாட எழுத்திலும் பெரிதும் பயன்படுவது பாஸே கோம்போஸே என்னும் கூட்டு இறந்தகாலம். அவ்வார், எத்ர் ஆகிய துணைவினைகளில் ஒன்றின் நிகழ்கால வடிவமும் முதன்மை வினையின் இறந்தகால எச்சமும் சேர்ந்து இது அமைகிறது. 'தூ ஆ மாங்ஜே' என்றால் 'நீ சாப்பிட்டாய்'. (இக்கட்டுரையில் பிரெஞ்சுத் தொடர்கள் ஒலிப்பை ஒட்டி எழுதப்பட்டுள்ளன, 'தூ'வில் உள்ள உயிர், உதட்டைக் குவித்துக்கொண்டு சொல்லும் ஈகாரம்.) பாடநூல்கள் வழக்கமாக நிகழ்காலக் கேள்வியை முதலிலும் இறந்தகாலக் கேள்வியைப் பல பாடங்கள் கழித்தும் வைக்கின்றன. பின்னால் வருவது கடினமாகத்தான் இருக்கும் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வதில் வியப்பில்லை. மொழியின் அமைப்போ வேறொன்றைச் சொல்கிறது. கேள்வி என்ற அளவில் பிரெஞ்சின் கூட்டு இறந்தகாலம் நிகழ்காலத்தைவிட எளிது. அதன் சிக்கல்களில் ஒன்றைத் தவிர மற்றவை கேள்வியால் வருபவை அல்ல.

ஆம், இல்லை என்ற பதிலை எதிர்பார்க்கும் கேள்விக்கு மூன்று வடிவங்கள் உண்டு. வாக்கியத்தை மாற்றாமல் குரலை மட்டும் உயர்த்தி 'தூ ஆ மாங்ஜே?' என்பது முதலாவது. முன்னால் 'எஸ்க' சேர்த்து 'எஸ்க தூ ஆ மாங்ஜே?' என்பது இரண்டாவது. எழுவாய்ப் பெயரையும் வினையையும் இடம் மாற்றி 'ஆ-தூ மாங்ஜே?' என்பது மூன்றாவது. தலைகீழாக்கம் எனப்படும் இதுதான் மாணவர்களை மிரட்டுவது. இதில் இடம் மாறுவது துணைவினை மட்டுமே. எச்சம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எதிர்மறையிலும் அப்படியே: 'நா-தூ பா மாங்ஜே?' என்பதில் எதிர்மறையின் இரு பாதிகளும் துணைவினையையும் அதை ஒட்டிய எழுவாயையும் சூழ்ந்துகொள்ள, எச்சம் வெளியே நிற்கிறது. (இப்படி எதிர்மறையில் கேட்டவருக்கு 'சாப்பிட்டேனே' என்று மறுத்துச் சொல்ல 'உய்' பயன்படாது, 'ஸி' என்ற தனிச்சொல் இருக்கிறது.) 'ஏற்கெனவே' எனப் பொருள்படும் 'தேஜா'வும் துணைவினைக்கும் எச்சத்துக்கும் நடுவில்தான் வந்து உட்காரும். ஆக, இறந்தகாலக் கேள்வியின் வேலை முழுவதும் இரண்டு துணைவினைகளின் பன்னிரண்டு நிகழ்கால வடிவங்களில் முடிந்துவிடுகிறது. அவையோ எந்தப் பாடத்திட்டத்திலும் முதல் வாரங்களிலேயே படித்தவை. நிகழ்காலத்தில் ஒவ்வொரு வினையையும் அதனதன் திரிபுடன் தலைகீழாக்க வேண்டியிருக்கிறது. தன்மை ஒருமையில் சில வினைகளுக்கு அது நடைமுறையில் இயலாது: 'நான் சாப்பிடுகிறேனா' என்பதைத் தலைகீழாக்கினால் வரும் 'மாங்ஜே-ஜ்' ஏட்டில் மட்டுமே வாழ்கிறது. 'ஏ-ஜ் மாங்ஜே?', அதாவது 'நான் சாப்பிட்டேனா?', இன்றும் இயல்பான எழுத்து வழக்கு.

படர்க்கை ஒருமையில் இடையே நுழையும் தகர ஒலியும் இதையே காட்டுகிறது. 'அவன் சாப்பிட்டானா?' என்பது 'ஆ-தில் மாங்ஜே?'. லத்தீன் படர்க்கை வினைகளின் இறுதித் தகரம் பிரெஞ்சில் பல வினைகளில் தேய்ந்து மறைந்தது. 'எ-தில்', 'வியேன்-தில்' போன்றவற்றில் எழுத்திலும் இணைப்பொலியிலும் தங்கியது. அவற்றைப் பார்த்து, தகரம் இல்லாத வடிவங்களும் அதை இரவல் வாங்கிக்கொண்டன. உயிரில் முடியும் வினைக்குப் பின் இந்தத் தகரத்தைச் சொல்லவும் எழுதவும் வேண்டும் என்று இலக்கண அறிஞர் வோஜ்லா 1647இல் வெளியிட்ட தம் மொழிக் குறிப்புகளில் வலியுறுத்தினார். நிகழ்காலத்தில் எந்த வினைக்குத் தகரம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கூட்டு இறந்தகாலத்தில் அவ்வாருக்கு எப்போதும் வேண்டும், எத்ருக்கு ஒருபோதும் வேண்டாம். பேச்சு வழக்கு இந்தத் தகரத்தை வேறு திசையிலும் கொண்டுபோயிற்று. பேச்சில் 'இல்' தன் லகரத்தை இழக்க, மிஞ்சிய 'தி' பிரான்சின் வட்டார வழக்குகளில் தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றுக்கும் பொதுவான கேள்வி இடைச்சொல்லானது. மொழி ஆய்வாளர் காஸ்தோன் பாரி 1877இலேயே அதை ஆராய்ந்து எழுதினார். கியூபெக்கில் அது 'தூ' என்று மாறி இன்றும் உயிரோடு இருக்கிறது: 'இல் ஆ-தூ மாங்ஜே?' என்றால் 'அவன் சாப்பிட்டானா?' தான், முன்னிலையைக் குறிக்கும் 'தூ'வுக்கும் இதற்கும் பொருள் தொடர்பில்லை. வினையோடு ஒட்டும் தமிழின் ஆகாரத்துக்கு மிக அருகில் பிரெஞ்சு வந்த இடம் இதுவே.

எத்ர் எடுக்கும் வினைகளை மனப்பாடம் செய்ய வேண்டுமே, எச்சம் பாலும் எண்ணும் காட்ட வேண்டுமே, இதை எப்படி எளிது என்பது என்று கேட்கலாம். போதல், வருதல், பிறத்தல், இறத்தல் முதலிய ஏறக்குறைய இருபது வினைகளும், தற்சுட்டு வினைகள் அனைத்தும் எத்ர் எடுப்பது உண்மை. ஆனால் அந்தச் சுமை செய்தி வாக்கியத்திலேயே ஏறிவிட்டது. கேள்வி அதைக் கூட்டவில்லை. கேள்வி தானாகக் கொண்டுவரும் சிக்கல் ஒன்றுதான். அவ்வாருடன் வரும் எச்சம், செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்தால் அதனோடு இயைய வேண்டும். கேள்விச் சொல்லோ செயப்படுபொருளை முன்னுக்கு இழுத்துவிடுகிறது. 'எந்த உடையைப் போட்டுக்கொண்டாய்?' என்பதை 'தூ ஆ மீ கெல் ரோப்?' என்று பேச்சுவழக்கில் கேட்டால் எச்சம் மாறாது; முறைப்படி 'கெல் ரோப் ஆ-தூ மீஸ்?' என்றால் பெண்பாலாகி ஒலியே மாறுகிறது. 16ஆம் நூற்றாண்டுக் கவிஞர் க்ளெமான் மரோ இத்தாலிய வழக்கைச் சுட்டி இந்த விதியைச் செய்யுளாகவே எழுதிவைத்தார். பிரெஞ்சுக்காரர்களே தடுமாறும் விதி இது. அவ்வாருடன் வரும் எச்சத்தை மாற்றாமல் விட்டுவிடலாம் என்ற யோசனை 2018இல் பெல்ஜியத்திலிருந்து எழுந்து பெரிய விவாதமாயிற்று. பேச்சைப் பொறுத்தவரை அஞ்ச வேண்டியது குறைவு: பெரும்பாலான எச்சங்கள் உயிரில் முடிவதால் இயைபு எழுத்தில் தெரியுமே தவிரக் காதில் விழாது.

குரலை உயர்த்தினாலே போதுமே, தலைகீழாக்கம் எதற்கு என்பது இன்னும் வலுவான மறுப்பு. பேச மட்டும் விரும்புபவருக்கு அது பெருமளவு சரி. நண்பர்களிடையே 'தூ ஆ ஃபே க்வா?' என்றும், சற்றுப் பொதுவாக 'கெஸ்க தூ ஆ ஃபே?' என்றும், எழுத்தில் 'கா-தூ ஃபே?' என்றும் ஒரே 'என்ன செய்தாய்?' மூன்று விதமாக வருகிறது. தொடங்குபவர் 'எஸ்க'வைப் பேசவும் தலைகீழாக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவும் பழகுவதே நியாயமான வேலைப் பங்கீடு. செய்தித்தாளோ அலுவலகக் கடிதமோ தலைகீழாக்கத்தை விடுவதாக இல்லை. 'மரி ஆ-தெல் மாங்ஜே?' என்று பெயரைச் சொன்ன பிறகும் 'அவள்' என்பதைச் சேர்க்கும் வடிவம் அங்கே அடிக்கடி எதிர்ப்படும். தமிழர் கவனிக்க வேண்டிய இடம் வேறு. 'நேற்றா வந்தாய்?' என்று ஆகாரத்தை எந்தச் சொல்லிலும் தொங்கவிடும் சுதந்திரம் தலைகீழாக்கத்துக்குக் கிடையாது. 'ஸெ-தியேர் க தூ எ வெனூ?' என்று வாக்கியத்தையே பிளந்துதான் அந்த அழுத்தத்தைக் கொண்டுவர முடியும்.

துணைவினை இல்லாத அங்பார்ஃபே என்னும் தொடர் இறந்தகாலம் இந்த வாதத்தை உடைப்பதுபோலத் தோன்றலாம். அங்கும் இடம் மாறுவது இடமும் எண்ணும் காட்டும் விகுதியைச் சுமக்கும் சொல்தான். அது ஒற்றைச் சொல்லாக இருப்பதால் முழு வினையும் நகர்கிறது. படர்க்கை வடிவங்கள் எல்லாம் ஏற்கெனவே தகரத்தில் முடிவதால் தகரம் சேர்க்கும் வேலையும் இல்லை. உண்மையான கடினம் இரண்டில் எதைத் தேர்வது என்பதில் இருக்கிறது. 'க ஃபஸே-தூ?' என்பது 'என்ன செய்துகொண்டிருந்தாய்?', 'கா-தூ ஃபே?' என்பது 'என்ன செய்தாய்?'. இந்த வேறுபாடு தமிழருக்குப் பழக்கமானது. நிலையைக் குறிக்கும் வினைகளில்தான் தமிழ் வழிகாட்டாது: 'நேற்று எங்கே இருந்தாய்?' என்பதற்கு 'ஊ எதே-தூ இயேர்?' என்று அங்பார்ஃபே வேண்டும். அதுபோல 'ஸவே-தூ?' என்றால் 'உனக்கு முன்பே தெரியுமா?' என்றும், அதே வினையைக் கூட்டு இறந்தகாலத்தில் வைத்து 'ஆ-தூ ஸூ?' என்றால் 'உனக்குத் தெரியவந்ததா?' என்றும் கேட்டதாகிவிடும்.